குரல் ஒருவர், உதடு ஒருவர்

பாடும் படங்கள் – 6

சென்ற வாரம் 'இந்திரசபா'வோடு நிறுத்தியிருந்தோம். 1932-இல் கல்கத்தாவின் மதன் தியேட்டர்ஸ் எடுத்த அந்தப் படத்தில் ஏறக்குறைய எழுபது பாட்டு. அதற்கு முந்தைய வருஷம் மார்ச் 14 அன்று பம்பாய் மெஜஸ்டிக் தியேட்டரில் வெளியான 'ஆலம் ஆரா'வில் ஏழே பாட்டு. ஒரே வருஷத்தில் பத்து மடங்கு!

ஏழானாலும் எழுபதானாலும் விதி ஒன்றுதான். திரையில் யார் வாயைத் திறக்கிறாரோ அவரே பாட வேண்டும். கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே பாட வேண்டும். நடுவில் சுருதி பிசகினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அந்த விதி 1935-இல் உடைந்தது. உடைத்தது கல்கத்தாவின் ஒரு ஸ்டுடியோ. உடைத்தவர்களில் ஒருவர் பெயரை இன்று பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

மரத்துக்குப் பின்னால் தபலா

அந்த விதி எவ்வளவு கொடுமையானது என்று புரிய, 'ஆலம் ஆரா' செட்டுக்கு ஒரு நிமிஷம் திரும்பிப் போக வேண்டும்.

படத்தை எடுத்த அர்தேஷிர் இரானியின் ஸ்டுடியோவை ஒட்டி ரயில் தண்டவாளம். ரயில் சத்தம் ஓய்ந்த இரவு நேரத்தில்தான் படமெடுக்க முடிந்தது. அவர் தருவித்த 'டேனார்' கருவியில் படமும் ஒலியும் ஒரே ஃபிலிமில் ஒரே நேரத்தில் பதிவாகும். ஒலியை மட்டும் பிரித்தெடுத்துப் பிறகு திருத்திக்கொள்ள வழியில்லை. நடிகரின் பக்கத்தில், கேமராவின் கண்ணில் படாத இடமாகப் பார்த்து மைக்கை ஒளித்து வைத்தார்கள். (நம் 'காளிதாஸ்' அதே வருஷம் அதே செட்டில்தான் உருவானது. இரானியிடம் உதவியாளராக இருந்த எச்.எம். ரெட்டி இயக்கினார். அதன் நாயகி டி.பி. ராஜலட்சுமி பட்ட பாடும் இதே பாடுதான்.)

வாத்தியக்காரர்களும் அந்தச் செட்டுக்குள்ளேயே இருந்தாக வேண்டும். ஹார்மோனியம், தபலா, மிஞ்சினால் ஒரு வயலின். திரைக்குப் பின்னாலோ செட் மரத்துக்குப் பின்னாலோ பதுங்கி உட்கார்ந்து வாசிப்பார்கள். பாடுபவர் மைக்கை விட்டு நகர முடியாது. அவர் நகராததால் கேமராவும் நகராது. அக்காலப் பாட்டுக் காட்சிகள் மேடை நாடகத்தை நேரே நின்று பார்ப்பதுபோல இருப்பதற்கு இயக்குநரின் கற்பனை வறட்சியை மட்டும் குறை சொல்ல முடியாது.

நடிகர் தேர்விலும் இதே கதைதான். முகமா குரலா என்று வந்தால் குரல் ஜெயித்தது. 'இந்திரசபா' ஜோடியான கஜ்ஜனும் மாஸ்டர் நிஸாரும் நட்சத்திரங்கள் ஆனது அப்படித்தான். பார்ஸி நாடக மேடையில் கடைசி வரிசை வரை எட்டும்படி பாடிப் பழகிய தொண்டைகள் அவை. மைக் ஒரு முழத் தூரத்தில் இருந்தபோதும் கடைசி வரிசைக்கே பாடினார்கள்.

இந்தப் பாட்டுகளை இன்று கேட்கத் தொடங்குபவர்கள் பத்து நொடியில் எழுந்துவிடுகிறார்கள். இசைத்தட்டின் கரகரப்பு, உரத்த குரல், மெல்லிய பக்கவாத்தியம். அந்த அவசரம் எனக்குப் புரிகிறது, ஆனாலும் வருத்தம்தான். இரண்டாம் முறை கேட்கும்போது மூச்சை மட்டும் கவனித்துப் பாருங்கள். பாடகர் எங்கே மூச்சு வாங்குகிறார், எந்த அடியை முடிக்க அவசரப்படுகிறார், எந்த இடத்தில் ஹார்மோனியம் அவருக்காகக் காத்திருக்கிறது என்று. திருத்த வழியில்லாத கலையின் துணிச்சல் அதில் தெரியும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. நமக்குக் கிடைக்கும் இசைத்தட்டுகளில் பல, படத்தில் ஒலித்த பாட்டு அல்ல. ரெக்கார்டு கம்பெனியின் அறைக்குப் போய்த் தனியாக மறுபடி பாடியவை. 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் இடம். அதற்குள் அடங்கும்படி வெட்டினார்கள். சில சமயம் பாடியவரே வேறு ஆளாக இருந்தார். 'ஆலம் ஆரா'வின் பாட்டுகளுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. இசைத்தட்டு வரவில்லை, படச்சுருளும் மிஞ்சவில்லை.

டாலிகஞ்ச் யானை

1931 பிப்ரவரியில் கல்கத்தாவில் 'நியூ தியேட்டர்ஸ்' தொடங்கியபோது அதன் முதலாளி பி.என். சர்க்கார் லண்டனில் படித்துத் திரும்பிய இன்ஜினியர். வங்காளத்தின் அட்வகேட் ஜெனரலாக இருந்த சர் என்.என். சர்க்காரின் மகன். டாலிகஞ்சில் ஸ்டுடியோ, சின்னம் யானை.

சர்க்காரின் பெரிய கெட்டிக்காரத்தனம் ஆள் பிடிப்பதில் இருந்தது. கல்கத்தா வானொலி நிலையத்திலிருந்து ராய்சந்த் போராலும் பங்கஜ் மல்லிக்கும் வந்தார்கள். ரெமிங்டன் டைப்ரைட்டர் விற்றுக்கொண்டிருந்த ஜம்மு இளைஞர் ஒருவர் பாடகராக வந்து சேர்ந்தார். அவர்தான் குந்தன்லால் சைகல். கேமராவுக்கும் இயக்கத்துக்கும் நிதின் போஸ். ஒலிப்பதிவுக்கு அவருடைய தம்பி முகுல் போஸ்.

நியூ தியேட்டர்ஸுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒரே கதையை ஒரே செட்டில் வங்காளியிலும் இந்தியிலும் எடுப்பார்கள். வசனத்துக்கு அது சிக்கனமான வழி. பாட்டுக்கோ இரட்டைத் தண்டனை. வங்காளியில் பாடித் தேறிய காட்சியை இந்தியில் முதலிலிருந்து பாடித் தேற வேண்டும். ஒவ்வொரு டேக்குக்கும் வாத்திய கோஷ்டி முழுவதும் செட்டில் காத்திருக்க வேண்டும். 'பிளேபேக்' என்ற பின்னணிப் பாட்டு முறை இந்த ஸ்டுடியோவில் பிறந்ததற்கு அந்தச் செலவுக் கணக்கும் ஒரு காரணம் என்பது என் ஊகம்.

கார் ஹாரன்

ஆனால் கல்கத்தாவில் சொல்லும் கதையில் கணக்குப் புத்தகம் வராது. ஒரு கார் வரும்.

ஸ்டுடியோவுக்குப் போகும் வழியில் பங்கஜ் மல்லிக்கை வீட்டு வாசலில் ஏற்றிக்கொண்டு போவது நிதின் போஸின் பழக்கம். ஒருநாள் வாசலில் நின்று ஹாரன் அடிக்கிறார். பதில் இல்லை. மறுபடி அடிக்கிறார். ஆள் வரவில்லை. உள்ளே மல்லிக் கிராமபோனில் ஆங்கிலப் பாட்டு ஒன்றை ஓடவிட்டு, கூடவே தானும் பாடிக்கொண்டிருக்கிறார். வாசல் சத்தம் காதில் விழவில்லை. ஒருவழியாகத் தெரிந்து ஓடி வந்து காரில் ஏறுகிறார், திட்டு விழும் என்ற பயத்தோடு.

திட்டு விழவில்லை. நிதின் போஸ் வழி நெடுகப் பேசவே இல்லை.

ஸ்டுடியோவில் இறங்கியதும் மல்லிக்கை ஓர் இசைத்தட்டோடு சேர்ந்து வாயசைக்கச் சொன்னார். குரல் தட்டிலிருந்து, அசைவு மல்லிக்கின் உதட்டிலிருந்து. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது.

இந்தக் கதை எவ்வளவு தூரம் சொல்லிச் சொல்லி மெருகேறியது என்று கேட்கலாம். மெருகேறித்தான் இருக்கும். ஆனால் யோசனை வருவது ஒன்று, அதைச் செய்து காட்டுவது வேறு. செய்து காட்ட வேண்டியிருந்தவர் முகுல் போஸ்.

பாட்டை முதலில் கூடத்தில் ஒலி மட்டும் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதைச் செட்டில் ஒலிபெருக்கியில் ஓடவிட, நடிகர்கள் அதற்கேற்ப வாயசைக்க வேண்டும். கேமராவின் மோட்டாரும் ஒலி ஓட்டும் கருவியின் மோட்டாரும் ஒரே வேகத்தில் சுழல வேண்டும். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் நான்கு ஃபிரேம் தள்ளிப்போனாலே கண் கண்டுபிடித்துவிடும். பாட்டின் முதல் அடியில் சரியாக இருந்து கடைசி அடியில் உதடு முந்திக்கொண்டால், சிரிப்புத்தான் மிஞ்சும்.

முகுல் போஸ் அதைச் சாதித்தார். படம் வங்காளியில் 'பாக்ய சக்ர', இந்தியில் 'தூப் சாவோன்'. வருஷம் 1935.

மூன்று பெண்கள்

பெண்கள் கூட்டமாக ஆடிப் பாடும் ஒரு காட்சிக்குத்தான் இந்த முறையைப் பயன்படுத்தினார்கள். அதைத் தேர்ந்தெடுத்ததில் நியாயம் இருக்கிறது. ஆடுபவர் பாடினால் மூச்சு இரைக்கும். மைக்கை எங்கே வைத்தாலும் ஒருத்தி விலகிப் போவாள், இன்னொருத்தி நெருங்கி வருவாள். பழைய விதிப்படி அந்தக் காட்சியை எடுக்க வேண்டுமானால் ஆட்டத்தைக் குறைக்க வேண்டும், இல்லை பாட்டைக் குறைக்க வேண்டும்.

இந்திப் பாட்டைப் பாடியவர்கள் பாருல் கோஷ், சுப்ரபா சர்க்கார், ஹரிமதி. பாருல் கோஷ், இசையமைப்பாளர் அனில் பிஸ்வாஸின் தங்கை, புல்லாங்குழல் பன்னாலால் கோஷின் மனைவி. ஆடும் பெண்கள் வேறு, பாடும் பெண்கள் வேறு. பார்வையாளர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. அதுதான் வெற்றி!

முன்கூட்டிப் பதிவு செய்யும் தந்திரம் உலகத்துக்குப் புதிதல்ல. 1929-லேயே ஹாலிவுட்டின் 'பிராட்வே மெலடி'யில் ஒரு நடனக் காட்சிக்கு அதைச் செய்துவிட்டார்கள். ஆனால் அங்கே பெரும்பாலும் நடிகர் தன் குரலுக்கே தான் வாயசைத்தார். அடுத்தவர் குரலை வாங்கி ஒரு முகத்துக்குக் கொடுப்பதையே நிரந்தர ஏற்பாடாக, ஒரு தொழிலாக ஆக்கியது நம் நாடு.

அதே படத்தில் பழைய முறையும் இருந்தது. சிறுவயதிலேயே பார்வை இழந்த பாடகர் கே.சி. டே அதில் பார்வையற்ற பாடகராகவே நடித்து, தன் பாட்டைத் தானே பாடினார். அவரிடம் பாடம் கேட்டு வளர்ந்த அண்ணன் மகன் பிற்காலத்தில் பிறர் உதடுகளுக்குப் பாடியே புகழடைந்தார். அவர் மன்னா டே.

இந்த ஸ்டுடியோவுக்குப் பிற்பாடு வந்த மரியாதையைப் பாருங்கள். பி.என். சர்க்காருக்கு தாதாசாகேப் பால்கே விருது. பங்கஜ் மல்லிக்குக்கு, நடிகை கானன் தேவிக்கு, நிதின் போஸுக்கு, ராய்சந்த் போராலுக்கு, எல்லாருக்கும் அதே விருது. மோட்டார்களை ஒரே வேகத்தில் ஓடவைத்த முகுல் போஸ் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை.

பம்பாயின் உரிமைக் குரல்

பம்பாய்க்காரர்கள் இதை அப்படியே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் காட்டுவது 'ஜவானி கி ஹவா'. அதுவும் 1935தான்.

மலாடில் ஹிமான்ஷு ராய் நடத்திய பாம்பே டாக்கீஸுக்கு இசையமைக்க வந்தவர் குர்ஷீத் ஹோம்ஜி என்ற பார்ஸிப் பெண். இந்தித் திரையின் முதல் பெண் இசையமைப்பாளர்களில் ஒருவர். கூடவே நடிக்க வந்தார் தங்கை மானெக். பார்ஸி சமூகம் கொதித்தெழுந்தது. நம் வீட்டுப் பெண்கள் சினிமாவிலா என்று எதிர்ப்பு. ஹிமான்ஷு ராய் இருவர் பெயரையும் மாற்றினார்: அக்கா சரஸ்வதி தேவி, தங்கை சந்திரபிரபா. படப்பிடிப்பில் தங்கைக்குத் தொண்டை கட்டிக்கொள்ள, கேமராவுக்கு அப்பால் நின்று அக்கா பாட, தங்கை வாயசைத்தார் என்று சொல்வார்கள்.

இரவல் குரல் என்ற அளவில் பம்பாய்க்கும் பங்கு உண்டு. ஆனால் அது ஒருநாள் சமாளிப்பு. பதிவு செய்து, திருத்தி, வேண்டிய தடவை ஓடவிடும் முறையைக் கொண்டுவந்தது டாலிகஞ்ச். என் ஓட்டு கல்கத்தாவுக்கு.

சரஸ்வதி தேவியும் மறுவருஷமே இதை விடாமல் பிடித்துக்கொண்டார் என்று நினைத்துவிட வேண்டாம். 1936-இல் 'அச்சூத் கன்யா'வில் அசோக் குமாரும் தேவிகா ராணியும் தங்கள் குரலிலேயே பாடினார்கள். அசோக் குமார் அதே ஸ்டுடியோவின் லேபில் வேலை பார்த்தவர், பாடகர் இல்லை. அவர் தொண்டைக்கு எட்டும் தூரத்துக்குள் மெட்டைக் கட்ட வேண்டியிருந்தது. அந்தப் படத்தின் டூயட்டைக் கேட்டால் மெட்டு எவ்வளவு சிறிய வட்டத்துக்குள் சுற்றுகிறது என்பது தெரியும். அதன் வெகுளித்தனம்தான் அழகு. ஆனால் ஒரு படத்துக்கு அது அழகு. பத்துப் படத்துக்கும் அதே வட்டம் என்றால் இசையமைப்பாளர் என்ன செய்வார்?

மறுத்தவர்

1938. பிளேபேக் வந்து மூன்று வருஷமாகிவிட்டது. தமிழிலேயே ஏவி. மெய்யப்பனின் 'நந்தகுமார்' படத்தில் லலிதா வெங்கட்ராமன் இரவல் குரல் கொடுத்துவிட்டார். அந்த வருஷம் நியூ தியேட்டர்ஸ் ஃபனி மஜும்தார் இயக்கத்தில் 'ஸ்ட்ரீட் சிங்கர்' எடுக்கிறது. வங்காளியில் அதற்கு 'சாத்தி' என்று பெயர். சைகலும் கானன் தேவியும் தெருப்பாடகர்கள்.

ஒரு காட்சியில் சைகல் தெருவில் நடந்துகொண்டே பாட வேண்டும். பிளேபேக்குக்கென்றே அமைந்த காட்சி. முறை கண்டுபிடித்த ஸ்டுடியோவே இதுதான், கருவி கையில் இருக்கிறது.

சைகல் மாட்டேன் என்றார்.

நடந்தபடியே, கேமரா முன்னால், அப்போதே பாடினால்தான் பாட்டுக்கு உயிர் இருக்கும் என்று அவர் நின்றதாகச் சொல்வார்கள். ஸ்டுடியோ இறங்கி வந்தது. சைகல் நடக்க, கேமராவின் பார்வைக்கு வெளியே மைக் அவரைப் பின்தொடர்ந்தது.

பாட்டு 'பாபுல் மோரா'. அவத் நவாப் வாஜித் அலி ஷா எழுதியதாக வழங்கும் பைரவி ராகத் தும்ரி. பிறந்த வீட்டை விட்டுப் பிரியும் மணப்பெண் தந்தையிடம் பேசுவதாக அமைந்தது. பாட்டில் அவளைச் சுமந்து போகும் பல்லக்கு பாடைக்கும் பொருந்தும் என்பது கேட்பவர் தானாக உணர வேண்டியது. 1856-இல் ஆங்கிலேயர் அவத்தைப் பறித்துக்கொள்ள, நவாப் லக்னோவை விட்டு கல்கத்தாவின் மேட்டியாபுருஜில் வந்து தங்கினார். 1887-இல் அங்கேயே இறந்தார். ஊர் பறிபோனவரின் பாட்டை, அவர் கண்மூடிய ஊரிலேயே, தெருப்பாடகன் வேடத்தில் ஒருவர் நடந்தபடி பாடுகிறார்.

இதைக் கேட்கும்போது சைகலின் சத்த அளவைக் கவனியுங்கள். பார்ஸி மேடைக் குரல் எங்கேயும் இல்லை. பக்கத்தில் நடந்து வருபவரிடம் சொல்வதுபோலத் தொடங்குகிறார். மைக் ஒரு காது என்பதை இந்தியத் திரையில் முதலில் புரிந்துகொண்டவர் அவர் என்று நான் சொல்வேன். மேல் ஸ்வரத்துக்குப் போகும்போதும் குரலை உயர்த்தி எறிவதில்லை. முர்க்கி எனும் அலங்கார அசைவுகள் சின்னச் சின்னதாக வந்து, சொல்லை மறைக்காமல் ஒதுங்கிக்கொள்கின்றன. பைரவியின் கோமள ஸ்வரங்களில் நிற்கும் நேரம் தும்ரிக் கச்சேரிக்காரர்கள் நிற்பதைவிடக் குறைவு. நிற்காமல் போவதனாலேயே மனம் அங்கே நிற்கிறது.

பக்கவாத்தியம் கொஞ்சம்தான். அது பழைய விதியின் பிடி. ஆனால் இந்த ஒரு பாட்டில் அந்த வறுமை பொருந்திவிட்டது. ராய்சந்த் போராலிடம் பெரிய வாத்திய கோஷ்டியே இருந்தது. அதைக் கூட்டி இந்தப் பாட்டைப் பதிவு செய்திருந்தால் இன்னும் சுத்தமாக வந்திருக்கும். தெருப்பாடகன் காணாமல் போயிருப்பான்.

அப்படியென்றால் சைகல் சொன்னதுதான் சரியா? அந்தப் பாட்டைப் பொறுத்தவரை சரி. ஆனால் அவர் சைகல். நடிக்கவும் பாடவும் ஒரே உடம்பில் வாய்த்தவர் ஊருக்கு எத்தனை பேர்? நம்மிடம் ஒரு பாகவதர், ஒரு சின்னப்பா. அவர்களை நம்பி வருஷத்துக்கு நூற்றுக்கணக்கில் படமெடுக்க முடியாது.

பெயர் இல்லாத தட்டு

நாற்பதுகளில் காற்று முழுக்கத் திரும்பிவிட்டது. முகம் ஒருபக்கம், குரல் ஒருபக்கம் என்பது வழக்கமானது. 1947 ஜனவரி 18 அன்று ஜலந்தரில் சைகல் இறந்தபோது அவருக்கு வயது 42. தானே நடித்துத் தானே பாடும் ஆண் நட்சத்திரங்களின் காலம் ஏறக்குறைய அவரோடு முடிந்தது.

விதி உடைந்ததில் லாபம் எல்லாருக்கும் வந்தது. இசையமைப்பாளருக்கு வாத்திய கோஷ்டி பெருகியது, மெட்டு விரிந்தது. நடிகைக்குத் தொண்டைக் கவலை போனது. கேமரா ஆற்றங்கரைக்கும் மலைச்சரிவுக்கும் கிளம்பியது.

பாடியவருக்கு?

இசைத்தட்டின் வட்டத் தாளில் பல சமயம் அச்சாகியிருந்தது பாத்திரத்தின் பெயர். திரையில் பாடும் பெண்ணுக்குக் கதையில் என்ன பெயரோ, அதுவே பாடகியின் பெயராகப் போய்ச் சேர்ந்தது. மக்கள் அந்தப் பெயரையே கேட்டு வாங்கினார்கள். டாலிகஞ்சின் அந்த மூன்று பெண்களுக்கு நேர்ந்தது இப்போது ஒரு தொழிலுக்கே நேர்ந்தது.

1949-இல் பம்பாயில் ஒரு பேய்க்கதைப் படம் வந்தது. பெயர் 'மஹல்'. திரையில் மதுபாலா. அதில் ஒரு பாட்டு வெளியானதும் நாடே அதைத் திரும்பத் திரும்பக் கேட்டது. குரல் மதுபாலாவுடையது இல்லை என்று கேட்டவர்களுக்குச் சந்தேகம் தட்டியது. தட்டை எடுத்துப் பார்த்தார்கள். அதில் 'காமினி' என்று போட்டிருந்தது.

யார் இந்தக் காமினி?

(தொடரும்)